நாற்பத்திரண்டுக்கு மேல்

நாற்பத்தொன்று புள்ளி ஆறு. இதோ கூப்பிடப் போகிறார். அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறேன், கீழேயிருந்து "நிழல்" என்று குரல் வந்த நொடியே அட்டை டப்பாவுக்கு மேல் குறுக்கே வந்துவிட வேண்டும், முந்தவும் கூடாது பிந்தவும் கூடாது, ஒரு வாரமாக இதற்குத்தான் ஒத்திகை, ஐம்பத்து மூன்று வயதில், புளிக்குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து உச்சி வெயிலில் மொட்டைமாடியில் நின்று பழைய ஃப்ரிட்ஜ் அட்டையைத் தூக்கி இறக்க ஒத்திகை. டப்பா என்று சொன்னால் அவருக்கு ஆகாது. கருவி என்று சொல்லணும். பித்தளைப் பட்டறையில் சொல்லிச் செய்வித்த உள்ளங்கை அகல டப்பா, உள்ளே நூறு கிராம் தண்ணீர், தண்ணீருக்குள் தெர்மாமீட்டரின் மூக்கு, சூரியனைப் பார்க்கிற முகத்தில் மட்டும் விளக்குக் கரி, மற்ற உடம்பெல்லாம் நான் புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு. கரியும் நான் கூட்டியதுதான், ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் அதைக் கவிழ்த்துப் பிடித்து, பிள்ளைக்குக் கண்மை கூட்டுகிற மாதிரி. இந்த வீட்டில் மை கூட்டியது இது ஒன்றுக்குத்தான். பூயே என்று ஒரு பிரெஞ்சுக்காரர், நூற்றெண்பது வருஷத்துக்கு முந்தி பாரிஸில் இப்படி ஒரு வெள்ளிப் பாத்திரத்தைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு நின்றவர், அவருடைய முறை இது. ஐந்து நிமிஷம் நிழல், ஐந்து நிமிஷம் வெயில், மறுபடி ஐந்து நிமிஷம் நிழல். வெயிலில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, நிழலில் தானாக எவ்வளவு அசைந்தது, கூட்டிக் கழித்தால் சூரியன் நிமிஷத்துக்கு எவ்வளவு கொடுத்தது என்று வந்துவிடும். அந்த ஆளுக்கு யார் அட்டை பிடித்தது என்று கேட்டேன். புத்தகத்தில் இல்லை என்றார். இருக்காது.

நாற்பத்தொன்று புள்ளி எட்டு. டப்பாவின் காம்பை மெல்லத் திருகிக்கொண்டே இருக்கணும், உள்ளே தண்ணீர் கலங்க வேண்டும், இல்லையென்றால் மேல் தண்ணீர் ஒரு சூடு அடித் தண்ணீர் ஒரு சூடு. திருகுகிறேன். வியர்வை மூக்குக்கண்ணாடிக்குள் இறங்குகிறது. அவருடைய குளியலறைச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், ரப்பர் இளகி ஒட்டுகிறது. எனக்கு நிழலே இல்லை. பாதத்தைச் சுற்றி ஒரு சின்ன அழுக்கு, அவ்வளவுதான், துணிக்கொடிக்கு அதன் அடியிலேயே ஒரு கோடு, தண்ணீர்த் தொட்டி எதையும் மறைக்கவில்லை. பாளையங்கோட்டைக்கு ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி சூரியன் நேர் தலைக்கு மேல் வரும், அதுதான் இன்றைக்கு. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து வருவதால் அதிகக் காற்றைத் துளைத்துக்கொண்டு வரணுமாம், காற்று வழியிலேயே தன் பங்கை எடுத்துக்கொள்ளும்; இன்று உச்சியில்தான் இடையில் இருக்கிற காற்று ஆகக் குறைவு. "இதுக்கு மேல மெலிசான காத்து நமக்குக் கெடையாது, ஆவுடை" என்றார். மற்றப் புள்ளிகளெல்லாம் வாங்கியாயிற்று, கிராஃப் தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறார், இந்த ஒரு புள்ளி விழுந்தால் கோட்டை அந்தப் பக்கம் நீட்டி, காற்றே இல்லாவிட்டால் வெயில் எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடலாம். போன வருஷம் இதே நாள் மேகம். அதற்கு முந்தின வருஷம் இதே நாள் ஆஸ்பத்திரி. இருபத்தெட்டு வருஷம் காலேஜில் பிசிக்ஸ் நடத்திய நல்லசிவம் சார், என் வீட்டுக்காரர், அடுத்த ஏப்ரலுக்கு இருப்போமோ என்னமோ என்று சொன்னபோது, வாயில் வருவதைப் பாரு என்று கத்தினேன், பிறகு சரி நானே மேலே ஏறுகிறேன் என்று சொன்னதும் நான்தான். வெயிலில் நிற்கக் கூடாது, படி ஏறக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். அதனால் அவர் கீழே, மாடிப்படி முடிகிற இடத்தில் சாய்வு நாற்காலியில், கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு. நான் மேலே. கடிகாரம் ஒன்றுதான் இருக்கணுமாம், இரண்டு இருந்தால் யார் சொன்னது நேரம் என்று சண்டை வருமாம். என் போனும் கீழேதான். போன வாரம் வெயிலில் வைத்ததில் அது சூடேறி அணைந்துபோய்விட்டது. எனக்குத் தெரிந்த நேரமெல்லாம் அவர் குரல்தான்.

நாற்பத்திரண்டு. அட்டை கையில். ம். நாற்பத்திரண்டு புள்ளி ஒன்று. ஒத்திகையில் ஐந்து நிமிஷத்துக்கு நாலு புள்ளி நாலு ஏறியது, இன்று தொடங்கியது முப்பத்தேழு புள்ளி ஆறு, நோட்டில் நானே எழுதியிருக்கிறேன், கூட்டினால் நாற்பத்திரண்டு. இன்று காற்று மெலிசு இல்லையா, அதனால் கொஞ்சம் முந்தி ஏறியிருக்கும். நாற்பத்திரண்டு புள்ளி மூன்று. காற்று மெலிசு. நாற்பத்திரண்டு புள்ளி ஐந்து. அப்படி ஒன்றும் மெலிசாக இருக்க முடியாது. தூங்கிவிட்டாரா? தூங்கினால் குறட்டை கேட்கும், படி ஒரு குழாய் மாதிரி, கீழே தும்மினால் மேலே வரும். கோபம் முதலில் வந்தது, நல்லதாகப் போயிற்று, கோபம் எனக்குப் பழகினது. நான் இங்கே வெந்துகொண்டிருக்கிறேன், மகராஜா சாய்வு நாற்காலியில் எந்த உலகத்தில் இருக்கிறாரோ. குரல் கொடுக்கலாம். கொடுக்கக் கூடாது. அதுதான் சட்டம், அளவு நடக்கும்போது மேலேயிருந்து கீழே பேச்சு கிடையாது, அவர் எண்ணிக்கொண்டிருப்பார், எண்ணிக்கை தப்பும். பிப்ரவரியில் ஒருநாள் எனக்கு வாய் நிற்கவில்லை, "என்னங்க, இன்னும் ஆகலையா" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பதில் இல்லை. அட்டையைப் போட்டுவிட்டு நாலு நாலு படியாக இறங்கி ஓடினால், மனிதர் கல் மாதிரி உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இன்னும் நாப்பது நொடி இருந்துச்சு. போச்சு. இன்னைக்கி போச்சு." பதில் சொல்லாமல் இருந்தது எனக்குப் பாடமாம். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை, நானும் பேசவில்லை, இரண்டு பேரும் வேலைக்காரியிடம் சொல்லி ஒருவருக்கொருவர் காபி கேட்டோம். அதே பாடம்தான் இப்போதும் நடக்கிறது. இன்னும் நாற்பது நொடி இருக்கிறது. என் கணக்குத்தான் தப்பு. நான் கீழே இறங்கினால் இந்த வருஷம் போச்சு, அடுத்த ஏப்ரல் என்று ஒன்று. அதை நினைக்கக் கூடாது. திருகு. நாற்பத்திரண்டு புள்ளி ஒன்பது.

நாற்பது நொடி என்றால் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல். அது தாண்டிவிட்டது. கூப்பிடுகிற வரைக்கும் நில். கான்வென்டில் சிஸ்டர் ஹெலன் இப்படித்தான் சொன்னார்கள், ஏழாம் வகுப்பில், ஆவுடையம்மாள் என்ற பேர் வாயில் நுழையாமல் என்னை ஆட்ரி ஆக்கிய சிஸ்டர் ஹெலன். ஜெபத்தின்போது சிரித்தேன் என்று கொடிக்கம்பத்துக்குக் கீழே நிறுத்தினார்கள், நான் கூப்பிடுகிற வரைக்கும் அங்கேயே நில். கூப்பிட மறந்துவிட்டார்கள். கணக்குப் பீரியட் போயிற்று, சாப்பாட்டு மணி அடித்தது, பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு என்னைச் சுற்றிப் போனார்கள், நான் நின்றேன். மூளை கெட்டவள். வாய் மட்டும் அன்றைக்கே ஏழு முழம், காலைப் பார், அசையவில்லை. கடைசி மணிக்குத்தான் சிஸ்டர் ஓடி வந்தார்கள், முகம் வெளுத்துப் போய், "ஏன் நீயாக வரவில்லை?" என்று என்னையே திட்டினார்கள். நாற்பத்து மூன்று புள்ளி ஐந்து. ஏன் நீயாக வரவில்லை. "என்னங்க" என்றேன். இந்தத் தெருவில் காய்க்காரனை மூன்று வீடு தாண்டி நிறுத்துகிற தொண்டை, அதிலிருந்து கிணற்றுத் தவளைக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம். எனக்கே கேட்கவில்லை. "என்னங்க!" இது கேட்டது, தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். காக்கா ஒன்று பறந்து தொட்டியில் உட்கார்ந்தது. கீழே ஃபேன் சத்தம். ஃபேன் சத்தம் மட்டும். பாடம் நடத்துகிறார். நாற்பத்து மூன்று புள்ளி எட்டு, ஒன்பது. பாத்ரூம் போயிருக்கலாம், மாத்திரை சாப்பிட்டால் அவசரமாக வரும். போனால் சொல்லிவிட்டுப் போக மாட்டாரா. இந்த நிமிஷத்துக்காக ஒரு வருஷமாகக் காத்திருந்தவர், நனைத்துக்கொண்டாலும் எழுந்திருக்க மாட்டார்.

நாற்பத்து நாலு புள்ளி ஐந்து. இரண்டரை டிகிரி அதிகம். அதாவது மூன்று நிமிஷம். அடேயப்பா, கடிகாரமில்லாமலே எனக்கு நேரம் தெரிகிறது, ஒரு நிமிஷத்துக்கு ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, அவர் பேசாமலிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இந்தக் கண்ணாடிக் குழலில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஏறுகிறது. பார்க்காமல் இருக்கலாமென்றால் கண் போகிற இடம் அதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் பார்த்துக்கொண்டே நின்றேன். நெஞ்சு கரிக்கிறது என்றார், ராத்திரி தின்ற பரோட்டா என்றேன், இஞ்சி தட்டிச் சாறு எடுத்துக் கொடுத்தேன், கொஞ்சம் உட்காருங்க, ஏப்பம் வந்தால் சரியாகிவிடும். நாற்பது நிமிஷம். வேர்த்து ஊற்றியபோது விசிறினேன். "முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்று அந்தச் சின்னப் பையன் டாக்டர் சொன்னான், திட்டவில்லை, சும்மா சொன்னான், அவன் திட்டியிருந்தால் நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இறங்கு ஆவுடை. இறங்குகிறேன். இறங்கி, அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கல் மாதிரி இருந்தால்? கோடு நின்றுவிடும், அந்த மனிதரின் ஒரே கோடு, நான் பயந்தாங்கொள்ளி என்பதால் நின்றுவிடும். பூமியைச் சுற்றி முப்பது மீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி மூடியிருந்தாலும் ஒரு வருஷ வெயில் அத்தனையையும் உருக்கிவிடும் என்று அந்த பூயே கண்டுபிடித்தாராம், கல்யாணமான புதிதில் இதை என்னிடம் சொல்லிவிட்டு நான் மயங்கி விழுவேன் என்று பார்த்தார், அதில் என் இட்லி மாவு புளிக்குமா என்றேன், சிரித்தார், அவர் சிரிப்பு மூக்கால்தான் வரும். நாற்பத்தைந்து. காற்றே இல்லாத இடத்துக்குக் கோட்டை நீட்டி என்ன செய்ய, அங்கே யார் மூச்சு விடப் போகிறார்கள். மூச்சு. கீழே மூச்சுச் சத்தம் கேட்கிறதா? ஃபேன். என் காதுக்குள் என் ரத்தம். எந்தச் சாமியைக் கூப்பிட என்று தேடினால் நெல்லையப்பர் வரவில்லை, கான்வென்ட் மாதா ஜெபம்தான் இங்கிலீஷில் வாயில் வருகிறது, பாதிக்கு மேல் மறந்துவிட்டது, பாதியையே திரும்பத் திரும்ப.

"என்ன மதினி, சூரியனுக்குக் காய்ச்சல் பாக்கியளா?" பக்கத்து மாடியில் ஞானசெல்வம். கூழ்வற்றலைத் திருப்பிப் போட வந்திருக்கிறாள், தலையில் ஈரத் துண்டு. மற்ற நாளாக இருந்தால் அவளுக்கு ஒன்று கொடுத்திருப்பேன். "ஆமா" என்றேன். நான் வெறும் ஆமா சொல்லி அவள் கேட்டதில்லை, நிமிர்ந்து பார்த்தாள். "எவ்ளோ இருக்கு? மாத்திர கொடுத்திரலாமா?" என்று தானே சிரித்துக்கொண்டு குனிந்தாள். நாற்பத்தைந்து புள்ளி ஏழு. நானும் சிரிக்க முயன்றேன், உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது. அவள் இருக்கிற பக்கமிருந்து குனிந்தால் எங்கள் முற்றத்து ஜன்னல் தெரியும், சாய்வு நாற்காலியின் ஒரு கை தெரியும், செல்வம் கொஞ்சம் எட்டிப் பாரேன் என்று சொன்னால் போதும், ஒரு நொடி வேலை, சட்டமும் மீறினதாகாது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? எட்டிப் பார்த்து அவள் முகம் மாறினால்? இதுதான், இதுதான் விஷயம், சட்டமுமில்லை கோடுமில்லை. நான் இங்கே நிற்கிற வரைக்கும் அவர் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். இறங்கினால்தான் அது வேறு ஏதாவது ஆகும். மேலேயே நின்றுவிட்டால், சாயங்காலம் வரைக்கும், கடைசி மணி வரைக்கும் நின்றுவிட்டால், ஒன்றும் நடந்திருக்காது. திருகு, நிறுத்தாதே, தண்ணீர் கலங்கணும். நாற்பத்தாறு புள்ளி இரண்டு. "ஆனா மதினி" என்றாள் அவள், வற்றலைப் பார்த்துக்கொண்டே, "நேத்தெல்லாம் அண்ணாச்சி கீழயிருந்து வெயிலு நிழலுன்னு ரயில்வே ஸ்டேஷன் மாதிரி கத்திக்கிட்டே இருந்தாவ. இன்னைக்கி ரொம்ப நேரமாச் சத்தத்தக் காணுமே?" அவளுக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் தெரிந்திருந்தவரை அது என் பயம், என் கிறுக்கு. இப்போது அது பக்கத்து மாடியிலும் இருக்கிறது. நாற்பத்தேழு. நான் அதைப் படித்தேன், எழுதவில்லை, அட்டை எங்கே விழுந்தது என்று தெரியாது, ஒரு செருப்பு மாடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்குப் படி முழுக்க இருட்டு, சுவரைத் தடவித் தடவி, பதினாறு படி, கடைசிப் படிக்கு அப்புறமும் இன்னொரு படி இருப்பதாகக் கால் வைத்து முழங்கால் மடங்கியது. அவர் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தேன், கண் என்னைப் பார்க்கிறது, பார்த்துக்கொண்டு அசைகிறது. வலது கை தொடையில் யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரிக் கிடந்தது, கடிகாரம் தரையில், வாய் ஒரு பக்கமாக இழுத்து எச்சில். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. நிழல். யாருமில்லாத படியைப் பார்த்து எத்தனை தடவை தூக்கித் தூக்கிக் காட்டினாரோ. "தெரியும், தெரியும், சும்மா இருங்க" என்று அதட்டினேன், எனக்கு அதட்டத்தான் வருகிறது, ஒரு கையால் அவர் தலையைத் தாங்கி மறு கையால் போனை இழுத்து நூற்றெட்டைப் போட்டேன். விலாசம் சொன்னேன். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சில்லை என்றேன். "கடைசியா எப்பம்மா நல்லாப் பேசினாரு? நேரம் சரியாத் தெரியணும், அத வச்சுத்தான் ஊசி போடலாமா வேண்டாமான்னு சொல்வாங்க" என்றது அந்தப் பக்கத்துப் பெண் குரல். போனில் பன்னிரண்டு முப்பத்தொன்று என்று இருந்தது, அதனால் எனக்கு என்ன பயன், நாங்கள் எப்போது தொடங்கினோம் என்று கடிகாரம் பார்த்தவர் அவர். முப்பத்தேழு புள்ளி ஆறில் "வெயில்" என்றார், அதுதான் கடைசியாக அவர் வாயிலிருந்து வந்தது, கணீரென்று வந்தது. நாற்பத்தேழில் அதைக் கழித்தால் ஒன்பது புள்ளி நாலு டிகிரி, அதை நிமிஷமாக மாற்றினேன். "பதினோரு நிமிஷம்" என்றேன். "படி இறங்கினதச் சேத்தா பன்னெண்டு." "நிச்சயமாத் தெரியுமாம்மா?" "தெரியும். எழுதிக்கோங்க." வண்டி கிளம்பிவிட்டது, பக்கத்திலேயே இருக்கிறது, வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள் என்றாள். நான் ஒன்றும் கொடுக்கவில்லை. வெளியே ஞானசெல்வம் கேட்டைத் தட்டி "மதினி, மதினி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், "தெறந்துதான் கெடக்கு, வா" என்று கத்தினேன். அவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். ஆள்காட்டி விரலால் மேலே காட்டினார், பிறகு என்னைக் காட்டினார், புருவம் உயர்ந்தது. எவ்வளவு என்று கேட்கிறார். நாற்பத்திரண்டு என்று சொல்லிவிடலாம். ஐந்து நிமிஷத்துக்கு வரவேண்டிய எண், நல்ல எண், கோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும், குரல் வரவில்லை என்றதுமே ஓடி வந்துவிட்டேன் என்றும் அர்த்தமாகும். "நாப்பத்தேழு" என்றேன். கண்ணை என் முகத்திலிருந்து எடுத்து எதிர்ச் சுவரில் வைத்தார், வகுப்பில் பெரிய கணக்கை மனதில் போடும்போது அப்படித்தான் எங்காவது வைப்பார். நாற்பத்தேழில் நாற்பத்திரண்டு போனால் ஐந்து, நிமிஷத்துக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு என்றால் ஆறு நிமிஷம், அந்த ஆறு நிமிஷம் இவள் மேலே என்ன செய்துகொண்டிருந்தாள். கணக்கு முடிந்து கண் திரும்பி என்னிடம் வந்தது. நான் முகத்தைத் திருப்பவில்லை.